இல்லாத கழிவறைக்கு இரண்டு டின் பினாயில்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அத்தானும் நலம். அத்தானின் முழங்கால் வலி மட்டும் குறைந்தபாடில்லை. பஸ் ஓட்டிய காலத்தில் மிதித்த கிளட்ச்செல்லாம் இப்போது திருப்பி மிதிக்கிறது என்கிறார். அங்கே நீ, உன் மனைவி, குட்டி மூவரும் நலம்தானே? குட்டிக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டதா?

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துப் போன் ஆறு மாதமாக ஊமை. அது பேசினாலும், உன் கல்வி அலுவலகக் கட்டடப் பிரிவில் எட்டு பேருக்குப் பதினாறு காது.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு கழிவறை கேட்டு நான் நாலு வருஷமாக எழுதிவந்தது உனக்குத் தெரியும். அனுமதி வந்துவிட்டது. இரண்டு அறை, மேலே தண்ணீர்த் தொட்டி, கதவு எல்லாம் உண்டு. உத்தரவைப் படித்துவிட்டு நான் பிரேயரிலேயே அறிவித்துவிட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். கழிவறைக்குக் கை தட்டுகிற பள்ளிக்கூடத்தை நீ வேறெங்கும் பார்க்க முடியாது.

இப்போது எதிர்வீட்டுத் தையல்காரி வீட்டுக்குத்தான் போகிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை இருபத்தேழு பெண்கள், ஒரே கதவு, பதினைந்து நிமிஷ இடைவேளை. அவள் இதுவரை முகம் கோணியதில்லை. ஆனால் ஜூன் மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

நேற்று என்ஜினீயர் ஒரு காகிதத்தோடு வந்தார். பணி முடிவுச் சான்றிதழ். ‘மேற்படி கட்டடம் திருப்திகரமாகக் கட்டி முடிக்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளது’ என்று அச்சடித்திருக்கிறது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கே சார் கட்டடம் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார்: “முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள செலவாகலைன்னா பணம் திரும்பிப் போயிடும் டீச்சர். நீங்க இப்ப போட்டுக் குடுங்க, ஏப்ரல்ல நான் கட்டிக் குடுக்கறேன்.”

எனக்குக் கை வரவில்லை. நீ அந்த உலகத்திலேயே இருப்பவன். என்ன செய்யட்டும், எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். குட்டிக்குப் பல் விழுந்து, இப்போது ‘ச’ எல்லாம் காற்றாக வருகிறது. அத்தானை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல். வீட்டில் மாடி இல்லை என்பது தெரியும், பொதுவாகச் சொல்லிவை.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தும் நீ இன்னும் காகிதத்தில் இருப்பதை அப்படியே படிக்கிறாய். இங்கே ஒரு சான்றிதழ் என்றால் ‘நடந்தது’ என்று அர்த்தம் இல்லை, ‘நடக்கட்டும்’ என்றுதான் அர்த்தம். அனுமதி பிப்ரவரியில் வரும், கணக்கு மார்ச்சில் முடியும். ஒரு மாதத்தில் யாரால் கட்ட முடியும்? அதனால் முதலில் முடிப்பார்கள், பிறகு ஆரம்பிப்பார்கள். உன் ஒரு பள்ளிக்கூடம் இல்லை, எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் நடைமுறை. போடாவிட்டால் பணம் திரும்பிவிடும். நீ இன்னும் நாலு வருஷம் எழுத வேண்டியதுதான். அதற்குள் நீ ஓய்வு பெற்றிருப்பாய்.

நான் சொல்கிறேன், கையெழுத்துப் போடு. ஏதாவது வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தக் காகிதம் வந்தாலும் என் மேசையைத் தாண்டித்தானே போக வேண்டும்?

இங்கே ஒரு விசேஷம். எங்கள் கண்காணிப்பாளர் அடுத்த வருஷம் இதே மாதம் ஓய்வு பெறுகிறார். பட்டியலில் என் பெயர் முதலாவதாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே, அத்தானிடம் மட்டும் சொல்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதவி உயர்வுச் செய்தியை அத்தானிடம் சொன்னேன். அவர் டீக்கடையில் சொல்லிவிட்டார். இனி யாரிடமும் சொல்லாமல் இருக்க ஆளே மிச்சமில்லை.

நீ சொன்னபடி கையெழுத்துப் போட்டேன். ஏப்ரலில் ஒரு கொத்தனாரும் இரண்டு ஆளும் வந்து குழி தோண்டினார்கள். கொத்தனார் இந்தத் தெருக்காரர்தான், அவர் மகள் என்னிடம் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எதற்கெடுத்தாலும் காரணம் கேட்பாள் என்பதால் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘ஏன்’ என்றே பெயர். நாலாம் நாள் வேலையை நிறுத்திவிட்டார்கள். என்ஜினீயருக்கு மாற்றல் வந்துவிட்டதாம்.

புது என்ஜினீயரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மாதிரியான பையன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்த வேலை முடிஞ்சிருக்கே டீச்சர், முடிஞ்ச வேலையை நான் எப்படி ஆரம்பிக்கிறது?” என்று என்னையே கேட்டான். என் கையெழுத்தை என்னிடமே காட்டினான்.

தையல்காரி போய்விட்டாள். போகும்போது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ரிப்பன் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். புதிதாகக் குடிவந்தவர்கள் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சின்னதுகள் சுவர் ஓரமாக ஒதுங்கிவிடுகின்றன. பெரிய பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. போன வாரம் ஒரு பெண் கணக்கு வகுப்பில் மயங்கி விழுந்தாள்.

ஏதாவது செய்.

உன்,
அக்கா

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. தணிக்கைக்காரர்கள் வந்திருந்தார்கள், வீட்டில் குட்டிக்கு அம்மை, பிறகு எனக்கும். நாற்பது வயதில் அம்மை வந்தால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

உன் விஷயத்தை விசாரித்தேன். முதலில் நல்ல செய்தி. பணத்தை யாரும் தின்றுவிடவில்லை. வருஷக் கடைசியில் எடுத்து வைப்புக் கணக்கு ஒன்றில் பத்திரமாகப் போட்டுவிட்டார்கள். கெட்ட செய்தி, அதை அங்கிருந்து எடுக்க வேண்டுமென்றால் வேலை முடியவில்லை என்று காட்ட வேண்டும். முடிந்துவிட்டது என்று சான்றிதழ் இருக்கிறது. புதிதாக வேறொன்று கேட்கலாம் என்றால், உன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்கெனவே ஒன்று இருப்பதாகப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

அதனால் கொஞ்சம் பொறு. இப்படி மாட்டிக்கொண்டவற்றுக்கெல்லாம் சேர்த்து எப்போதாவது ஒரு பொது உத்தரவு போடுவார்கள். இப்போது போய்க் கிளறினால் யார் கையெழுத்துப் போட்டது, யார் போடச் சொன்னது என்று போகும். உனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். எனக்கும் இது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய வருஷம்.

பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்.

அன்புடன்,
தம்பி

நவம்பர் 12

தம்பிக்கு,

நலம். குட்டிக்கு அம்மைத் தழும்பு ஏதும் நிற்கவில்லையே?

‘பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்’ என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து உனக்குப் பதில் எழுதப் பிடிக்கவில்லை. அதனால்தான் மூன்று மாதம்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் ஒரு வண்டி வந்தது. இரண்டு டின் பினாயில், நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் மூன்று, ‘பெண்கள்’ என்று எழுதிய தகரப் பலகை ஒன்று. கூடவே கழிவறைப் பராமரிப்புக்கென்று ஒரு காசோலை. பயன்பாட்டில் உள்ள கழிவறைகளுக்கு வருஷா வருஷம் வருமாம். வண்டிக்காரர் எங்கே இறக்குவது என்று கேட்டார். குழியைக் காட்டினேன். பாவம், அவர் குழியையும் பார்த்தார், பலகையையும் பார்த்தார், என் அறையில் இறக்கிவிட்டுப் போனார். அத்தானிடம் சொன்னபோது அவர் வயிறு வலிக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

‘ஏன்’ பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளோடு எட்டாம் வகுப்பில் இரண்டு பேரும். கொத்தனாரிடம் போய்க் கேட்டேன். வீட்டில் வேலை இருக்கிறது என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

காசோலையை நான் தொடவில்லை. அதை என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். இந்த முறை உன்னை யோசனை கேட்கவில்லை.

அக்கா

டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட மனம் ஓடவில்லை. நீ அனுப்பிய கடிதம் என் மேசைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

‘இல்லாத கழிவறையைப் பராமரிக்க இயலாத காரணத்தால் காசோலை, பினாயில் டின் இரண்டு, பிரஷ் மூன்று, பலகை ஒன்று ஆகியவற்றைத் திருப்பி அனுப்புகிறேன்.’ இப்படி ஒரு கடிதம் இந்த அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. பராமரிப்புப் பணம் பத்தவில்லை என்றுதான் எழுதுவார்கள். பிரிவு முழுக்கச் சுற்றிப் படித்துச் சிரித்தார்கள். கண்காணிப்பாளரும் சிரித்தார். பிறகு சான்றிதழை எடுத்து வரச் சொன்னார். அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. குறிப்பு எழுதி வை என்று கோப்பை என்னிடமே கொடுத்தார். நீ என் அக்கா என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

அக்கா, பொய்ச் சான்றிதழ் கொடுத்ததாக வழக்குப் போட்டால் ஓய்வூதியத்தையே நிறுத்திவைப்பார்கள். உனக்கு இன்னும் பதினாலு மாதம்தான் இருக்கிறது. அத்தானுக்கும் ஓய்வூதியம் கிடையாது. இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.

கட்டடம் ஒன்றைப் பதிவேட்டிலிருந்து நீக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, இடிந்துபோனதாகச் சான்றிதழ். படிவம் இத்துடன் இருக்கிறது. ‘மேற்படி கட்டடம் கனமழையால் இடிந்து விழுந்துவிட்டது’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு. அக்டோபரில் அங்கே நல்ல மழை, நான் பார்த்துவிட்டேன். உன் கடிதத்தில் ‘இல்லாத’ என்று எழுதியதற்கு ‘இடிந்துபோனதால் இப்போது இல்லாத’ என்று நான் குறிப்பு எழுதிக்கொள்கிறேன். பழைய கணக்கு அதோடு முடிந்துவிடும். புதிதாக ஒன்று கேட்கலாம், அடுத்த வருஷமே நானே முன்னால் நின்று வாங்கித் தருகிறேன். யாருக்கும் நஷ்டம் இல்லை.

தயவுசெய்து பிடிவாதம் பிடிக்காதே. பத்து நாளுக்குள் அனுப்பு.

தம்பி

டிசம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ சாப்பிடாமல் இருக்காதே, உனக்கு உடனே வயிறு புண்ணாகிவிடும்.

உன் படிவத்தை மேசையில் வைத்து மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் போட்டுவிடு என்கிறார். நீயும் எனக்காகத்தான் சொல்கிறாய், உனக்காகவும்தான். அதில் தப்பில்லை. நானும் பேனாவைத் திறந்தேன்.

மழையில் இடிந்தது என்று எழுதினால், அந்த நேரத்தில் உள்ளே பிள்ளைகள் யாராவது இருந்தார்களா என்று அடுத்த காகிதம் கேட்கும். இல்லை என்று எழுதுவேன். மொத்தக் கோப்பிலும் அது ஒன்றுதான் உண்மையாக இருக்கும்.

போன கடிதத்தில் உனக்கு ஒன்றை எழுதாமல் விட்டேன். ‘ஏன்’ சும்மா நின்றுவிடவில்லை. நிற்பதற்கு முந்தைய நாள் என் அறைக்கு வந்தாள். அவள் அப்பாதான் குழி தோண்டிய கொத்தனார் ஆயிற்றே, கூலி கேட்கப் போன இடத்தில் சான்றிதழை அவரிடம் காட்டியிருக்கிறார்கள். பினாயில் டின் என் மேசைக்குக் கீழேதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “கட்டியாச்சுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாம். ஏன் டீச்சர்?”

ஏழு வருஷமாக அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்விக்கும் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. தெரியாவிட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்பேன், மறுநாள் சொல்லிவிடுவேன். அன்றைக்கும் நாளைக்குச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். மறுநாள் அவள் வரவில்லை.

நான் வெட்கப்பட்டேன் தம்பி. ஒன்றைக் கட்டாமல் கட்டினேன் என்றாயிற்று. இப்போது இடியாமல் இடிந்தது என்றும் சொல்லிவிட்டு அந்தத் தெருவில் எப்படி நடப்பேன்? கொத்தனார் தினமும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருவது வரட்டும்.

உன் மேல் கோபம் இல்லை.

அக்கா

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

என்னால் அந்தக் குறிப்பை எழுத முடியவில்லை. கண்வலி என்று சொல்லிப் பக்கத்து மேசைக்காரரிடம் கோப்பைத் தள்ளிவிட்டேன். அவர் நல்ல மனிதர், ஆனால் விதிப்படி நடப்பவர். உனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போன வாரம் போயிருக்கிறது. வந்திருக்கும். பதினைந்து நாளில் பதில் எழுத வேண்டும். மூன்றாவது கேள்வியைக் கவனித்திருப்பாய், ‘யாருடைய தூண்டுதலின் பேரில் இச்சான்றிதழ் வழங்கப்பட்டது’ என்று கேட்டிருக்கிறார்கள்.

பதவி உயர்வுப் பட்டியல் இந்த மாதக் கடைசியில் கையெழுத்தாகிறது.

அக்கா, நான் போன மார்ச் மாதம் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அதை எனக்கு அனுப்பிவிடு.

தம்பி

ஜனவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அத்தான் நலம். அங்கே அனைவர் நலமும் அறிய ஆவல்.

நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. நகல் எதுவும் எடுக்கவில்லை.

குறிப்பாணைக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குட்டியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா?

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் கேட்டேன். வந்ததும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன், வீட்டில் கிழித்தால் என் மனைவி கேட்பாள் என்று. அன்றைக்கே உன் பதிலும் வந்திருந்தது. பக்கத்து மேசைக்காரர் பிரித்துப் படித்தார். முதல் இரண்டு கேள்விக்கும் உண்மையை அப்படியே எழுதியிருந்தாய். மூன்றாவதற்கு, ‘யாரும் தூண்டவில்லை, என் அவசரத்தால் நானே செய்தேன்’ என்று எழுதியிருந்தாய். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “யாரோ சொல்லிக் குடுத்துத்தான் இந்தம்மா செஞ்சிருக்கு. பேரைச் சொன்னா தப்பிச்சுக்கலாம், சொல்ல மாட்டேங்குது. பாவம்.”

நான் எழுந்து, “அது என் அக்கா. சொன்னது நான்தான்” என்றேன். இதைத் தைரியமாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மேசையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். கடிதத்தை எடுத்துக் கோப்பில் வைத்தேன். அவர் உடனே பக்க எண் போட்டுவிட்டார், நாற்பத்தேழு. பக்க எண் போட்ட காகிதத்தை யாராலும் உருவ முடியாது. நான் மனம் மாறிவிடுவேன் என்று பயந்து அவர் அவசரமாகப் போட்டார் என்று நினைக்கிறேன்.

இயக்குநர் கூப்பிட்டார். என் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். ‘முதலில் முடிப்பார்கள், பிறகு ஆரம்பிப்பார்கள்’ என்ற இடத்தில் நிறுத்தி, இந்த மாதிரி எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். நாற்பத்தொன்று அக்கா. அதில் பாதியை நானே பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். எத்தனையோ நாள் மனசுக்குள் எண்ணியும் இருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்லவில்லை.

முடிவு இதுதான். உனக்கு எழுத்துமூலமான கண்டனம், அவ்வளவுதான். ஓய்வூதியத்துக்குப் பாதகம் இல்லை. என் பெயரைப் பட்டியலிலிருந்து மூன்று வருஷத்துக்கு எடுத்துவிட்டார்கள். பாடநூல் கிடங்குக்கு மாற்றல். நாளையிலிருந்து புத்தகக் கட்டு எண்ணப் போகிறேன். அவள் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், உங்கள் அக்காவுக்கு எழுதினீர்களா என்று கேட்டாள்.

நாற்பத்தொரு பள்ளிக்கூடத்தின் சான்றிதழ்களையும் ரத்து செய்து, வைப்புக் கணக்கிலிருந்து பணத்தை விடுவித்திருக்கிறார்கள். ஆனால் அதையும் இந்த மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்க வேண்டுமாம். என்ஜினீயர் மறுபடி உன்னிடம் காகிதத்தோடு வருவார். என்ன செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

தம்பி

மார்ச் 31

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொடையில் வைத்து எழுதுகிறேன். கையெழுத்துக் கோணினால் கோபித்துக்கொள்ளாதே. மணி மூன்றரை. இங்கே அனைவரும் நலம். குட்டிக்கும் அவளுக்கும் என் அன்பு. நாலு நாள் கோபித்தவள் ஐந்தாம் நாள் கேட்டாள் பார், அவளை நன்றாக வைத்துக்கொள்.

நீ சொன்னபடியே பத்தாம் தேதி அந்தப் புது என்ஜினீயர்ப் பையன் வந்தான். அதே காகிதம், அதே அச்சு. இப்போதே போட்டுக் கொடுத்தால் நிம்மதி என்றான். கதவு மாட்டிய பிறகுதான் போடுவேன் என்றேன். பணம் போய்விடுமே என்றான். எனக்கும் பயம்தான் தம்பி. அந்தப் பயத்தில்தானே போன வருஷம் போட்டேன். இருபத்தொரு நாள் இருக்கிறது, இரண்டு அறை கட்ட முடியாதா என்று கேட்டேன். அவன் குழியைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கொத்தனார் வீட்டுக்குக் கிளம்பினான்.

பழைய கூலியைக் கொடுத்தால் வருகிறேன் என்றார் கொத்தனார். கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. பிள்ளைகளின் அப்பாக்கள் வந்து செங்கல் தூக்கினார்கள். சுவருக்கு இன்னும் வெள்ளை அடிக்கவில்லை, ஆனால் தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டது. முதல் கதவு மதியமே மாட்டியாயிற்று. இரண்டாவதை இப்போது மாட்டுகிறார்கள். கருவூலத்தை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். பையன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தபடியே வாசலில் நிற்கிறான். பெட்ரோல் போகிறதே, அணைத்துவிட்டு நில் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ கிழித்துவிடுவாய் என்று தெரிந்துதான் அனுப்பினேன். உறையை ஒட்டும்போதே உன்னை மன்னித்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், பயந்தாங்கொள்ளி, பாவம், போகட்டும் என்று நினைத்தேன். உன்னை எவ்வளவு சின்னவனாக நினைத்துவிட்டேன். கிழிப்பாய் என்று நீ நினைத்தாய், நானும் நினைத்தேன், இரண்டு பேரும் தப்பு. நான் உனக்குத் தந்த மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், எனக்கு நீ ஒரு மன்னிப்புத் தர வேண்டும்.

கொஞ்சம் இரு, கூப்பிடுகிறார்கள்.

மணி நாலு பத்து. இரண்டாவது கதவும் மாட்டியாயிற்று. பையன் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினான். பார்க்காமல் போட மாட்டேன் என்று எழுந்தேன். அதற்குள் கொத்தனாருக்கு டீ கொண்டுவந்த ‘ஏன்’ எனக்கு முன்னால் போய் நின்றாள். நாலரை மாதத்தில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள். கதவைத் தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்: “உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா டீச்சர்?”

எனக்குத் தெரியவில்லை. அந்தப் படிவத்தில் தாழ்ப்பாளுக்கென்று ஒரு வரி கிடையாது. நீயே போய்ப் பார்த்துச் சொல் என்றேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் வெளியே நின்றுகொண்டிருக்கிறோம். பையன் கடிகாரத்தைப் பார்க்கிறான், கொத்தனார் வேறு பக்கம் பார்க்கிறார், யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கிறது. அவள் வெளியே வந்து சொல்லட்டும், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

உன்,
அக்கா